கரவொலி

அன்பு அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். அத்தானும் குழந்தையும் சுகம்தானே? இதைப் போனில் சொல்லியிருக்கலாம். பேசும்போது அம்மா பக்கத்திலேயே நிற்பாள், அதனால்தான் கடிதம்.

நம் குடியிருப்போர் சங்கத்துக்குப் போன மாதம் தேர்தல் என்றார்கள். சீட்டு கொடுப்பார்கள், பெயர் எழுதலாம் என்று காத்திருந்தோம். அதற்குள் தலைவர் பல் டாக்டர் எழுந்து, இத்தனை வருஷம் ஒத்துழைத்ததற்கு நன்றி என்று உருக்கமாகப் பேசினார். ஒருவழியாகப் போகிறாரே என்ற சந்தோஷத்தில் எல்லோரும் கைதட்டினோம். மறுநாள் லிஃப்ட் அருகே அறிவிப்பு ஒட்டியிருந்தது: 'பலத்த கரவொலியுடன் ஏகமனதாக மீண்டும் தேர்வு.'

அப்பா என்னிடம், "கரவொலின்னா என்னம்மா?" என்று கேட்டார். கைதட்டல் என்றேன். நேரே வாசலுக்குப் போய், பத்துப் பேர் முன்னால் டாக்டரிடம், "நான் கொசு அடிச்சேன் சார், அதையும் ஓட்டுல சேத்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார்.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. நம் மாடிப்படி விளக்கு எரிவதில்லை. கேட்டால், பார்க்கிறோம் என்கிறார்கள். அப்பாவின் பள்ளிக்கூட வேன் சக்கரத்தில் இரண்டு முறை யாரோ காற்றைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். "உங்கப்பா கேட்டது நியாயம்தான்டி" என்று என்னிடம் கிசுகிசுத்த எதிர்வீட்டு டைலர் அத்தை, இப்போது என் செருப்புச் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம். வாடகைக்கு ஓடும் வண்டிகளை வளாகத்துக்குள் நிறுத்தக் கூடாதென்று தீர்மானம் வருகிறது. இங்கே அப்படி ஓடுவது நம் வேன் ஒன்றுதான். தெருவில் நிறுத்தினால் போலீஸ்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். வேன் இல்லாமல் நம் வீடு எப்படி ஓடும் என்று உனக்கே தெரியும். எழுந்து நின்று கேட்பேன் என்று அப்பா தைரியமாகத்தான் இருந்தார்.

நேற்று டாக்டரே நம் வீட்டுக்கு வந்தார். குடும்பத்தின் முதல் பட்டதாரி என்று அதே கூட்டத்தில் எனக்குப் பாராட்டாம். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. உன் பச்சைப் புடவையை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டாள். மாடி மாடியாக ஏறிச் சொல்லியும் வந்துவிட்டாள். செயலாளர் தீர்மானத்தை வாசித்த கையோடு, இடைவெளி விடாமல் என்னை மேடைக்கு அழைப்பாராம். "கைதட்டல் பலமா இருக்கும்மா, கூச்சப்படாதே" என்று டாக்டர் என் தலையைத் தொட்டுச் சொன்னார்.

அந்தக் கைதட்டலை எதில் சேர்ப்பார்கள், அக்கா?

அப்பாவிடம் மெல்ல ஆரம்பித்தேன். "எதுக்கெடுத்தாலும் சந்தேகப்பட்டா எப்படிம்மா? உனக்குன்னு நாலு பேர் கூடறாங்க" என்று என் வாயை அடைத்துவிட்டார். மேடை ஏறமாட்டேன் என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு நா எழவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து, கூடமே அதிரும்படித் தட்டப்போகிறாராம்.

நீ மூத்தவள். நீ சொன்னால் கேட்பார். காரணம் எதுவும் சொல்ல வேண்டாம். அன்றைக்கு மட்டும் என்னைப் பார்த்துக் கைதட்ட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல், அக்கா.

உன் பிரியமுள்ள,
தங்கை