உன் தங்கை விரதத்தால் மயங்கவில்லை

சிவமயம்

மானிப்பாய்

அன்புள்ள மகன் நிருஷனுக்கு,

நீ அங்கே நோய் நொடி இல்லாமல் இருக்க நல்லூரான் முருகன் துணை நிற்கட்டும். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது, ஆனால் இந்த முறை அப்படி எழுதினால் அது பொய். உன் தங்கை நிவேதனா ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தாள். இப்போது எழும்பி நடமாடுகிறாள், பயப்படாதே. ஏன் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்லத் தொலைபேசியில் எடுத்தேன், நீ “பிறகு கதைக்கிறன் அம்மா, வேலையிலை நிக்கிறன்” என்று வைத்துவிட்டாய். கடிதத்தை நீ கிழிக்கலாம், குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

உன் பெரியப்பா பஞ்சலிங்கம் லண்டனிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியது உனக்குத் தெரியும். கொழும்பிலிருந்து குளிரூட்டிய வான் வண்டியில் வந்து இறங்கியவர் ரோட்டையும் நுளம்புக்கடியையும் கிணற்றுத் தண்ணீரையும் குறை சொல்லி முடிக்க இரவாகிவிட்டது. அடுத்த நாள் வாசிகசாலை மண்டபத்தில் ஏறி, குறை சொல்லுகிற மனிதன் முன்னேற மாட்டான் என்று பேசினார். ‘உன்னுள் உறங்கும் பேராற்றல்’ என்று தலைப்பு, பதாகையில் தலைப்பைவிட அவருடைய முகம் பெரிது. நோய் எல்லாம் மனதில்தான் இருக்கிறதாம், மருந்து என்பது பயத்துக்கு இன்னொரு பெயராம், மூச்சை ஆளத் தெரிந்தவனுக்கு வைத்தியர் தேவையில்லையாம். வெங்காயத்துக்குப் பூச்சிமருந்து அடித்து அடித்து நெஞ்சு போன சனம் முன்வரிசையில் இருந்து கை தட்டியது. அவருடைய அறையைக் கூட்டப் போனபோது பார்த்தேன், கட்டில் தலைமாட்டில் காலை, மத்தியானம், இரவு என்று பிரித்த பெட்டி, உள்ளே பிறஷர் குளிசையும் கொலஸ்ட்ரோல் குளிசையும் ஒழுங்காக அடுக்கியிருந்தன. அவருடைய பேராற்றல் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மிடறு தண்ணீரோடு உள்ளே போகிறது.

அந்தப் பேச்சின் வீடியோவை நீதான் குடும்பக் குழுவில் போட்டாய். கூப்பிய கைகளும் போட்டு, “தங்கச்சி, உந்தப் பம்பை விட்டிட்டுப் பெரியப்பா சொல்லுறதைச் செய்” என்று எழுதினாய். சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுக்கிற தொய்வு வந்து வந்து, அந்த மருந்துப் பம்பை வாயில் வைத்து இழுத்துத்தான் அவள் படித்துத் தேறினாள் என்பது உனக்குத் தெரியாதா? ஆனால் அவள் உன்னை நம்புகிறவள், விட்டுவிட்டாள். விடியப்புறம் எழும்பி மூக்கைப் பொத்திப் பொத்தி மூச்சுப் பயிற்சி செய்தாள். நான் ஏசியதற்கு உன் அப்பா, “அண்ணை சொன்னால் சும்மா சொல்லாது” என்றார். அவருடைய அண்ணை சொன்னால் அவர் வெயிலையும் மழை என்பார்.

மீனாம்பிகை மாமிக்கோ பெரிய சந்தோசம். உன் அப்பாவின் தங்கை என்பதால் இதுவரை பொறுத்திருந்தேன், இனி இல்லை. பிள்ளைக்குப் பதுளையில் பல்கலைக்கழக இடம் கிடைத்த நாளிலிருந்து, மலைக்குளிர், தூரம், பஸ்ஸில் தனியாக எப்படி என்று அழுதுகொண்டிருந்தவள், உடுப்பிட்டியில் ஒரு சம்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமை நல்லூர்க் கோயிலுக்கு வருவார்களாம், நாங்களும் தற்செயலாக வந்தது போல அங்கே நிற்க வேண்டுமாம், பெட்டைக்குத் தெரியாமல் பெட்டையைப் பார்ப்பார்களாம். நான் அவசரத்துக்கு என்று பம்பை அவளுடைய கைப்பையில் வைத்தேன். மாமி வழியிலேயே அதை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். “உதைக் கோயில் வாசலிலை வைச்சு இழுத்தால் பிறகு ஆர் கட்டுவான், மச்சாள்?” என்று என்னைத்தான் கேட்டாள், நானும் வாயை மூடிக்கொண்டு வந்தேன். பூசை நேரம், சனநெரிசல், கற்பூரப் புகை. பிள்ளைக்கு இழுக்கத் தொடங்கிவிட்டது. மாமி என்ன செய்தாள் தெரியுமா, பம்பைக் கொடுக்கவில்லை, தன் சேலைத் தலைப்பால் பிள்ளையின் முகத்தை மூடினாள். பார்க்க வந்தவர்களுக்குக் கேட்கும்படி, “பிள்ளை வெள்ளி விரதம், பச்சைத்தண்ணியும் குடிக்கேல்லை, அதுதான் மயங்குது” என்று சொல்லிக்கொண்டு நின்றாள். நான் சேலையை இழுத்துப் பார்த்தபோது பிள்ளையின் உதடு நீலம். மாமியின் பையைப் பறித்துக் கொட்டி, மண்ணில் தேடி எடுத்துக் கொடுத்தேன், அது போதவில்லை, யாரோ ஒரு பெடியன் ஓட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஆஸ்பத்திரியில் முகத்துக்கு மூடி போட்டு மருந்துப் புகை கொடுத்து விடியவிடிய வைத்திருந்தார்கள். “பம்பை நிப்பாட்டச் சொன்னது எந்த டொக்டர்?” என்று அந்த வைத்தியப் பிள்ளை கேட்டபோது, வாய் ஓயாமல் பேசுகிற உன் பெரியப்பா சுவரைப் பார்த்தார். வெளியே வந்த பிறகு என்னிடம், “அவள் முழு நம்பிக்கையோடை செய்யேல்லை” என்றார். நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. அன்று மத்தியானமே வானைப் பிடித்துப் போய்விட்டார்.

இதையும் கேள். உடுப்பிட்டியார் ஓம் என்று சொல்லியனுப்பினார்கள். இந்தக் காலத்தில் முருகனுக்காகத் தண்ணீரும் குடிக்காமல் மயங்கி விழுகிற பிள்ளை கிடைக்குமா என்று தாய்க்காரி உருகிப்போனாவாம். மாமி லட்டு வாங்கிக்கொண்டு வந்தாள், உன் அப்பா ஒன்று எடுத்துத் தின்றார். பிள்ளை கதிரையில் இருந்து என்னைப் பார்த்தாள், “அம்மா, அங்கை போய் நான் எங்கை ஒளிச்சு வைச்சு இழுக்கிறது?” என்று கேட்டாள். நான் உடனே தொலைபேசியை எடுத்து அந்தத் தாயோடு கதைத்தேன். என் பிள்ளைக்குத் தொய்வு, அது விரதம் அல்ல, அவள் படிக்கப் போகிறாள் என்று சொன்னேன். அந்த மனுசி, “உதை ஏன் தங்கச்சி சொன்னனீங்கள்? சொல்லாமல் விட்டிருந்தால் நாங்களும் கேட்டிருக்க மாட்டம்” என்றா. எங்கள் சனத்தின் யோக்கியதை இவ்வளவுதான், நிருஷன். மூச்சு நின்றாலும் பரவாயில்லை, சத்தம் வெளியே கேட்கக் கூடாது.

அதன் பிறகு நீ அனுப்பிய குரல்செய்தியைக் கேட்டேன். வந்த சம்பந்தத்தை அம்மா குழப்பிவிட்டா என்றும், பெட்டையைப் பதுளைக்கு விட்டால் இனி என் முகத்தில் முழிக்க வேண்டாம் என்றும் சொல்லியிருந்தாய். நீ வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டபோது எந்த நாடு, எந்தக் காடு, யாரோடு போகிறாய் என்று எங்களுக்கே தெரியாது. மாதக்கணக்கில் உன் குரலும் இல்லை. அப்போது இந்த வீட்டில் ஒருவரும் தூரம் என்ற சொல்லைச் சொல்லவில்லை. அவள் போகும் இடத்துக்கு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினால் மறுநாள் போய் இறங்கலாம். பெடியன் பனியில் நடந்தால் அது துணிவு, பெட்டை குளிரில் படித்தால் அது ஆபத்து. இதையும் பேராற்றல் கணக்கில் சேர்த்து ஒரு வீடியோ போடுங்கள்.

நிவேதனா போய்விட்டாள். நான்தான் கூட்டிக்கொண்டு போய்ப் பதிந்துவிட்டு முந்தநாள் திரும்பினேன். கிளினிக் துண்டும் மருந்தும் கையோடு கொடுத்தேன், குளிருக்குப் பம்பை எப்படிப் பாவிப்பது என்று டொக்டர் அவளுக்குத்தான் விளங்கப்படுத்தினார், எனக்கு அல்ல. அறையில் இன்னும் மூன்று பிள்ளைகள். போன முதல் நாளே தனக்கு என்ன வருத்தம், இழுத்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டாள், கேட்டுக்கொண்டு நான் வாசலில் நின்றேன். உன் அப்பா பஸ் நிலையம் வரை பெட்டியைக் கொண்டுவந்து தந்தார். அவருக்கு அது பெரிய காரியம்.

நேரத்துக்குச் சாப்பிடு, இரவு வேலை முடிந்து கார் ஓட்டும்போது நித்திரை தூங்காதே. கடவுள் உனக்கு நல்ல புத்தியையும் நீண்ட ஆயுளையும் தரட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. உன் கோபத்தைக் குழுவில் போடாதே, தங்கைக்கு எடுத்து அவளிடமே சொல். அண்ணை இதுவரை ஒரு நாளும் தன்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கதைத்ததில்லை என்று பஸ்ஸில் வரும்போது சொன்னாள், குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னாள். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு அவள் அறையில் இருப்பாள்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெ. உதயகலா