அம்மாவின் மூன்றாவது கடிதம்

கிரெய்கிபர்ன், மெல்பேர்ன்
ஜூன் 2009, செவ்வாய் இரவு

அன்புள்ள அண்ணா,

இந்தக் கடிதத்தை ஒருவருக்கும் காட்ட வேண்டாம், அப்பாவுக்குப் போன் எடுத்துக் கேட்கவும் வேண்டாம். நாங்கள் எல்லோரும் சுகம், நீயும் சுகமாக இருக்க நல்லூரானைக் கும்பிடுகிறேன் என்று அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதும் முதல் வரியை இன்று எழுத முடியவில்லை. அம்மா இறந்து இன்றோடு பத்தொன்பது நாள்.

அப்படியென்றால் கடைசியாக வந்த இரண்டு கடிதங்களும் யாருடையவை என்று கேட்பீர்கள். என் கையெழுத்து உங்களுக்குப் புதிதில்லை. தொண்டை ஒப்பரேஷனில் குரல் போன பிறகு இரண்டு வருடமாக அம்மா என் வலது காதில் மூச்சுக்குரலில் சொல்ல, நான்தான் எழுதினேன், அப்பா வேலையிடத்தில் ஸ்கான் செய்து உங்களுக்கு அனுப்பினார். அம்மா சொல்வது எனக்கு மட்டும்தான் விளங்கும். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் கையிலிருந்த காப்பால் கதவில் இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு இன்னொரு தட்டு. அதற்காகவே அந்தக் காப்பைக் கழற்றாமல் போட்டிருந்தார், அதோடுதான் போனார்.

ஐரோப்பிய ஒன்றியம் பிரசெல்சிலிருந்து அனுப்புகிறவர்கள் உங்கள் ஆய்வுகூடத்தைப் பார்த்துவிட்டுப் போகும்வரை உங்களுக்குச் சொல்லக்கூடாது என்பது அப்பாவின் முடிவு. அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா எழுதுவது போலவே எழுது பிள்ளை என்றார். ஐரோப்பாவின் ஆராய்ச்சிப் பணம் பெரும்பாலும் ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்குமே போய்விடுகிறது, பின்தங்கிய பகுதிகளுக்கென்று ஒதுக்கியதில் உங்கள் பல்கேரிய ஊருக்கு இப்போதுதான் முதல் முறையாகக் கொஞ்சம் வந்திருக்கிறது, பொறுப்பாளராகப் போன நீங்கள் நடுவில் விட்டுவிட்டு வந்தால் அதையும் நிறுத்திவிடுவார்கள், பதினொரு பேருக்கு வேலை போகும் என்று எழுதியிருந்தீர்களே, அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியதும் நான்தான். சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரித்தார். "முன் பந்திக்கே திருப்பித் திருப்பி வடை வைச்சா, கடைசிப் பந்தியில இருக்கிறவன் இலையை நக்கிறதே? நீ அங்கயே நில்லு ராசா, உன்ர கையால அவங்களுக்கும் ரெண்டு வை" என்று எழுதச் சொன்னார். நினைவிருக்கும்.

மயானத்தில் கொள்ளிக்குப் பதிலாக நீங்கள் அழுத்த வேண்டிய பொத்தானைத் தேவராஜா சித்தப்பா அழுத்தினார். அப்பா அம்மாவின் கதிரையைக் குசினிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார், ஒருவரும் அதில் உட்காரக்கூடாதென்று. காலையில் எழும்பிப் பார்த்தால் அது என் மேசைப் பக்கம் திரும்பியிருக்கிறது. அப்பா அதை மறுபடியும் சுவர்ப் பக்கம் திருப்புகிறார்.

முதல் கடிதத்தை நானாகத்தான் தொடங்கினேன், பாதியில் வலது காது குளிர்ந்தது. இடது சப்பாத்து ஓட்டையோடு மழையில் திரியாதே என்று என் கை எழுதியது. எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. நீங்கள் போனில் அப்பாவிடம் சிரித்துக்கொண்டு "சப்பாத்து ஓட்டை எண்டு அம்மாவுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டீர்கள், அப்பாவின் முகம் வெளிறிப் போனது. இரண்டாவது கடிதத்தின் கடைசி வரி "நான் அங்க வாறன்." அதை நான் எழுதவில்லை அண்ணா, காது எழுதியது. ஞாயிறு எழுதாமல் தள்ளிப்போட்ட மூன்றாவதை இன்று எழுத உட்கார்ந்தேன், சுகம் விசாரிக்கும் முன்பே "வெளிக்கிட்டிட்டன்" என்று விழுந்தது, அம்மா புறப்பட்டுவிட்டாராம். கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

அப்பாவில் கோபிக்க வேண்டாம். பிழை என்னுடையது. ஆஸ்பத்திரியில் கடைசி நாள் அம்மா என் காதில் சொன்னது "அண்ணாவைக் கூப்பிடு, பார்க்க வேணும்." என்ன சொல்லுறா என்று அப்பா கேட்டார். உங்கள் பதினொரு பேர் நினைவுக்கு வந்தார்கள். அம்மா முன்பும் இப்படிச் சொல்லி இரண்டு முறை எழும்பி வந்திருக்கிறார், இம்முறையும் வருவார் என்று நினைத்தேன். வேலையை முடிச்சிட்டு வரட்டுமாம் என்று சொன்னேன். அம்மாவுக்கு அது கேட்டது. மறுத்துச் சொல்லக் குரல் இல்லை, காப்பால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தார். என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று அப்பா நினைத்தார். அம்மாவின் கடைசிச் சொல் என்று நம்பித்தான் அவர் உங்களுக்கு மறைக்கிறார். அப்பாவிடம் உண்மையைச் சொல்லப் போனபோது என் தொண்டையிலிருந்து மூச்சு மட்டும்தான் வந்தது, அம்மாவுக்கு வருவது போல.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் கிரியை அடுத்த வாரம் ஞாயிறு. மறுநாள் திங்கள் உங்களிடம் பிரசெல்ஸ்காரர் வருகிறார்கள். நிற்பதா வருவதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள், அதை நான் உங்களுக்காகச் செய்திருக்கக் கூடாது. அவர்களுக்கும் அம்மா இருப்பாதானே, வரும் திகதியைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். இதை நாளை பள்ளி நூலகத்தில் ஸ்கான் செய்து அனுப்புவேன். நீங்கள் வராவிட்டால் இரவில் அங்கே யார் தட்டினாலும் பயப்படாதீர்கள், அவர் உங்களைப் பார்க்கத்தான் வருவார். சப்பாத்தை மாற்றுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும், நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று காதில் கேட்கிறது, அதை மட்டும் மாற்றாமல் எழுதுகிறேன். இப்படிக்கு அம்மா என்று இனிப் போட மாட்டேன். இது நான், யோகா.

கதவு தட்டுகிறது. அப்பா எழும்பிவிட்டார் போல. இல்லை, அடுத்த அறையில் அவருடைய குறட்டை இன்னும் கேட்கிறது. இரண்டு தட்டு. கொஞ்சம் விட்டு