நிமிர்ந்து நிற்க முடியாத வண்டி

அன்பு மகளுக்கு,

நான் ஒரு பழைய வேன் வாங்கப்போகிறேன். படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கும் சின்ன வண்டி. ஊர் சுற்றத்தான். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் வேறென்ன செய்வான், சொல்!

இரண்டு வண்டி பார்த்தேன். முதலாவதன் கூரை உயரம். நின்றபடியே சமைக்கலாம், சட்டை மாற்றலாம். என்ஜினும் அருமை. இரண்டாவதில் நிமிர்ந்தால் மண்டை இடிக்கும். நான் அதைத்தான் விலை கேட்டேன்.

"ஐயா, இதுல குனிஞ்சேதான் நிக்கணும். முதுகு போயிடும்," என்றார் விற்பவர்.

"நிக்கவா வாங்குறேன்? படுக்கத்தானே," என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அடுப்பு இருப்பதால் எனக்கென்று நீ தனியாகச் சமைக்க வேண்டாம். சின்னக் கழிப்பறையும் உண்டு. மாப்பிள்ளை அவசரமாகக் கிளம்பும் நேரத்தில் குறுக்கே நிற்க மாட்டேன். போன தடவை நான் கூடத்தில் படுத்ததால் பேத்திக்குப் படிக்க இடமில்லாமல் போய்விட்டது. அதை இப்போது கிளற வேண்டாம்.

சொல்ல மறந்துவிட்டேனே. உங்கள் குடியிருப்பின் அடித்தள பார்க்கிங் வாசலில் ஓர் உயர அளவுப் பலகை தொங்குகிறது. டிரைவர் புத்தி, அன்றே கண்ணில் பட்டது. இந்த வண்டி அதற்கடியில் நுழைந்துவிடும். மற்றது இடிக்கும்.

அங்கே வெளியாள் வண்டியை நிறுத்த விடுவார்களா என்று கேட்டு எழுது. இல்லையென்றாலும் எழுதம்மா. அந்த உயரமான வண்டியை நான் இன்னும் வேண்டாமென்று சொல்லிவிடவில்லை.

அப்பா