வாடி என்று எழுதிய வீடு

வம்மியடிக்குளம்,
12.01.2026

அன்பு மகள் பஸ்மிலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நானும் உம்மாவும் சுகம். உம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் கூட. கிழமைக்கு இரண்டு முறை அவள் உன்னோடு போனில் கதைக்கிறாள், ஆகவே எல்லாம் உனக்குத் தெரிந்திருக்கும். நான் பக்கத்து அறையில் இருந்து உன் குரலைக் கேட்பேன். வாங்கிக் கதைக்க எனக்கு வராது. ஏழு வருடமாக வராதது இனி வரப்போவதில்லை. எழுத வரும்.

கார்த்திகை மழையில் குளம் நிரம்பி மூன்று நாள் வான் வழியாக மேலதிகத் தண்ணீர் பாய்ந்தது. குளக்கட்டு உடையவில்லை. ஆனால் தண்ணீர் திறக்கும் துருசுக்கு வடக்கே, கட்டு உடைந்தால் வெள்ளம் எவ்வளவு ஏறும் என்று அளந்து நீ சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போன முதிரை மரத்துக்கு நேரே, கட்டின் அடியில் கசிவு கூடிவிட்டது. ஐந்து லீற்றர் எண்ணெய்க் கலனை வைத்து நான் அளப்பது உனக்கு நினைவிருக்கும். நீ வீட்டைவிட்டுப் போன வருடம் அது நிறையப் பதினொரு நிமிடம் எடுத்தது. இப்போது நாலு நிமிடமும் இல்லை. அதைவிட நிறம்தான் என்னைப் பயப்படுத்தியது. தெளிவாக வந்த தண்ணீர் பால் தேத்தண்ணி போல வந்தது. கலங்கி வந்தால் கட்டின் உள்மண்ணும் சேர்ந்து வருகிறது என்று உன் பொறியியல் புத்தகத்தில் இருக்கிறது. ஓம், நீ விட்டுப்போன புத்தகங்களைத்தான் வாசிக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன், அகராதியை வைத்துக்கொண்டு மூன்றாம் அத்தியாயம் முடித்திருக்கிறேன். நாலாவது முழுக்கக் கணக்கு. அதில் நிற்கிறேன்.

அந்தப் புத்தகம் எனக்கு ஒன்றைச் சொல்லித் தந்தது. ஒரு குளத்துக்கு இரண்டு மதிப்பீடு உண்டாம். கட்டு எந்த நிலையில் இருக்கிறது என்பது ஒன்று. உடைந்தால் யார் சாவார்கள் என்பது மற்றது. நம் குளத்துக்கு நிலை மோசம் என்றும் அபாயம் குறைவு என்றும் போட்டிருந்தார்கள். நாடு முழுக்க எத்தனையோ குளங்கள் திருத்தக் காத்திருக்கும்போது அபாயம் குறைந்த குளத்தை யார் முதலில் பார்ப்பார்கள்? இதற்காக அரசாங்கக் கந்தோருக்குப் பதினேழு மனு எழுதினேன். கண் தெரியாதவர்களா நீங்கள் என்றும் ஒன்றில் கேட்டிருந்தேன்.

மழைக்குப் பிறகு எல்லாக் குளங்களையும் திரும்பப் பார்க்கிறார்கள். இங்கே தனஞ்சயன் என்று ஒரு பொறியியலாளர் வந்தார், உன் வயதுதான் இருக்கும். குளக்கட்டின்மேல் வைத்தே அவரை நன்றாக ஏசினேன். ஏசி முடியும்வரை நின்றுவிட்டு, ஐயா, இதையும் பாருங்கள் என்று பழைய கோப்பை விரித்தார். உன் கையெழுத்தில், கீழ்ப்புறத்தில் வீடுகள் நாற்பத்தொன்று என்று இருந்தது. அதை வெட்டி ஒரு கோடு. அதன்கீழ், குடியிருப்பு இல்லை, நெல் காவலுக்குப் போட்ட வாடிக் குடிசைகள் மட்டும் என்று இருந்தது. அதற்கும் கீழே, விவசாயிகள் சங்கச் செயலாளர், மு. பதியுதீன். என்னுடைய பச்சை மை.

அன்றைய நாளை நீயும் மறந்திருக்கமாட்டாய். கல்முனைக்குடியில் சுனாமியன்று கடல் நம் வீட்டையும் உன் மூத்தம்மாவையும் கொண்டுபோன பிறகு, கடல் இரைச்சல் கேட்காத இடமாகப் பார்த்துத்தான் இங்கே வந்தேன். இது வயல் செய்ய மட்டும் அரசாங்கம் தந்த பெர்மிட் காணி, வீடு கட்டக்கூடாது. ஆனால் பெண்பிள்ளையைப் பெற்றவன் அவளுக்கென்று ஒரு வீடு கட்டாமல் நம் பக்கத்தில் தலை நிமிர்ந்து பள்ளிவாசலுக்குப் போகமுடியுமா? மண் போட்டு நிரப்பிக் கட்டினேன். எனக்குப் பின்னால் மற்றவர்களும் கட்டினார்கள். நீ பொறியியலாளராக முதல் வேலையில் சேர்ந்து, கட்டுக்குக் கீழே உள்ள வீடுகளைக் கணக்கெடுக்க வந்தபோது, எல்லாம் வாடி என்று உன் மேலதிகாரியிடம் சொன்னேன். வாடிக்கு மாபிள் தரையா போடுவீர்கள் என்று அவர் கேட்டார். நெல்லுக்குக் குளிர்ச்சி வேண்டுமே என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்காமல் கோடு போட்டாய்.

அன்று பின்னேரம், வாப்பா, வாடியில் ஆரும் சாகமாட்டாங்க எண்டு என்னைக் கொண்டு எழுதவெச்சிட்டீங்க என்று சொன்னாய். வாடியில் இருக்கப் பிடிக்காட்டிப் போ என்றேன். போய்விட்டாய்.

பிழை முழுக்க என்னுடையது என்று இப்போதும் சொல்லமாட்டேன். காணி போய்விடும் என்று நாற்பத்தொரு குடும்பமும் என் பின்னால் நின்றது. அந்த வாடிகளுக்குக் கரண்ட் தந்தவர்களுக்கும் கண் இருந்தது. ஆனால் கையெழுத்து என்னுடையது.

உம்மாவிடம் சொன்னேன். நீங்க கையெழுத்துப் போட்டு வெட்டவெச்சத உங்கட கையாலயே எழுதுங்க, என்னத்துக்கு என்ட மூஞ்சியப் பாக்கிறீங்க என்று சொல்லிவிட்டு மீன் வெட்டப் போய்விட்டாள். மறுநாள் கொப்பியோடு வீடு வீடாகப் போனேன். பளீலை உனக்குத் தெரியும், அடுத்த வளவு, கூடப்பிறந்த தம்பி போல என்னைக் காக்கா என்பவன். காக்கா, கடலுக்குத் தப்பி வந்த எங்களக் கந்தோருக்குக் காட்டிக் குடுக்கிறீங்களா என்று வாசல் படலையைச் சாத்தினான். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில் ஸலாம் சொன்னேன், பதில் முணுமுணுப்பாகத்தான் வந்தது. நான் அவனைக் கெஞ்சவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கலனில் பிடித்த தண்ணீரைக் காட்டினேன். அடியில் இரண்டு விரல் மண் படிந்திருந்தது. கலனை ஆட்டிப் பார்த்தான். எங்கட வீட்டில ஆறு பேர், காக்கா, மகள்ட கைக்குழந்தையையும் சேர்த்தா ஏழு என்றான். அதன்பிறகு ஒரு படலையும் சாத்தவில்லை. இப்போது ஐம்பத்தெட்டு வீடு, இருநூற்று அறுபத்துமூன்று பேர்.

தனஞ்சயன் கணக்கை வாங்கிப் போனார். அபாயம் கூடிய குளம் என்று மாற்றிவிட்டார்கள். குளத்துத் தண்ணீரை மூன்று அடி இறக்கியாயிற்று. கசிகிற இடத்தில் மண் அரித்து வராமல் மணலும் சல்லிக்கல்லும் போட்டு வடி வைக்கிறார்கள். நேற்று அளந்தேன், தெளிந்த தண்ணீர்தான் வருகிறது. கட்டைத் திருத்தும் வேலை வைகாசியில் தொடங்குமாம். வீடுகளை என்ன செய்வார்கள் என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை. எடுக்கச் சொல்லலாம், விடலாம். கொடுத்த பட்டியலில் முதலாவது உன் வீடு. உனக்கென்று கட்டியதை நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். அதற்கு நீ என்ன சொல்வாய் என்று தெரியாது. சொன்னால் கேட்கிறேன்.

உன் அறையின் யன்னலில் இருந்து பார்த்தால் கட்டும் முதிரை மரமும் தெரியும். அந்தத் துணி வெளுத்துக் கிழிந்துவிட்டது. புதிதாக ஒன்று கட்ட உம்மா சீலைத்துணி தந்தாள். நான் கட்டவில்லை. எந்த உயரத்தில் கட்டவேண்டும் என்பது அளந்தவளுக்குத்தான் தெரியும்.

இன்னும் ஒரு விஷயம். படிவத்தில் நிரந்தரமாக வசிப்போர் என்று ஒரு நிரல் இருக்கிறது. நம் வீட்டுக்கு நேரே மூன்று என்று எழுதினேன். தனஞ்சயன் உள்ளே எட்டிப் பார்த்து, மூன்றாவது ஆள் எங்கே என்று கேட்டார். வருவாள் என்றேன். அவர் அப்படியே பதிந்துகொண்டார்.

மகளே, அந்தக் கோப்பில் ஒருமுறை நான் பொய் எழுதியவன். இரண்டாவது முறையும் அப்படி ஆகாமல் அல்லாஹ் காப்பாற்றட்டும். உன் பயணத்தை அவன் லேசாக்கித் தரவேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

வஸ்ஸலாம்.

உன் வாப்பா,
மு. பதியுதீன்