சண்டையோடு வந்து இறங்கினார்கள்

என் வீட்டுக்காரருக்கு, மகள் வீட்டில் நானும் பேத்தியும் சுகம். உங்கள் முட்டிவலி தேவலையா?

மகளும் மாப்பிள்ளையும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாமல் இருந்ததை உங்களிடம் மறைத்துவிட்டேன். "டென்ட் போட்டு ஊர் ஊரா சுத்திட்டு வாங்க, குழந்தையை நான் பாத்துக்கறேன்" என்று காரில் ஏற்றி அனுப்பியதே நான்தான். இத்தனை வாரத்தில் பேத்திக்கு ஒரு தும்மல் இல்லை, என் வளர்ப்பு அப்படி! ஆனால் இவர்கள் தனித்தனியாகத் திரும்புவார்களோ என்று தினமும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று ஒன்றாகத்தான் வந்தார்கள், சண்டையோடு.

"டென்ட் ஆணியை வீட்டுலயே விட்டுட்டாரும்மா உன் மாப்பிள்ளை!"

"எறும்புப் புத்து மேல படுக்க வச்சது யாரு? கேளுங்க அத்தை!"

சொல்லி முடிப்பதற்குள் இருவருக்கும் சிரிப்பு. எனக்குப் போன உயிர் வந்தது.

பேத்தி எழுந்துவிட்டாள். உங்கள் போட்டோ ஒன்று அனுப்புங்கள். என்னையும் நாலு வார்த்தை திட்டி எழுதுங்கள், இங்கே என்னைத் திட்ட ஆளே இல்லை.

அவசரமாக,
உங்கள் வீட்டுக்காரி