போகிறேன் என்று இருந்த இடத்தில்

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நான், மாப்பிள்ளை, உன் வாலு மூவரும் சௌகரியமாக இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். குளியலறைக் குழாயைப் பிளம்பர் இரண்டு முறை வந்து சரிசெய்தார், முன்பைவிடக் கொஞ்சம் குறைவாக ஒழுகுகிறது. என் முழங்கால் வலி இருந்த இடத்திலேயே இருக்கிறது. மாப்பிள்ளைக்கு இந்த மாதம் பகல் ஷிப்ட், அதனால் பள்ளி விட்டு வந்ததிலிருந்து ஆறு மணி வரை குழந்தை என் பொறுப்பு, அல்லது நான் அவள் பொறுப்பு.

நீ போன் செய்தால் அவள் ஏன் கட்டிலுக்கடியில் போய் ஒளிகிறாள், என்னை மறந்துவிட்டாளா என்று போன வாரம் அழுதாய். காரணம் தெரிந்துவிட்டது. போனில் சொன்னால் அவளுக்குக் கேட்டுவிடும், பாம்புச் செவி, அதனால் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு கார்ட்டூன் படம் பார்த்தோம், நீர்நாய்க் குடும்பத்தின் கதை. பேசுவது வேறு ஏதோ மொழி, கீழே தமிழில் எழுத்து ஓடும், அவளுக்கு அவ்வளவு வேகமாகப் படிக்க வராது, நான் வாய்விட்டுப் படிக்க வேண்டும். முப்பத்தோரு வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் நான்கு சந்திப்பிழை, எடுத்துச் சொன்னால் கதைய மட்டும் படிங்க தாத்தா என்று அதட்டுகிறாள். பாதிப் படத்தில் தாய் நீர்நாய் குட்டியைப் பொந்தில் விட்டுவிட்டு இரை தேடிக் கிளம்புகிறது. ‘நான் போகிறேன், பத்திரமாக இரு’ என்று வந்தது, அப்படியே படித்தேன். ரிமோட்டைப் பிடுங்கிப் படத்தை நிறுத்திவிட்டாள். தப்பாகப் படிக்கிறேனாம், போயிட்டு வரேன்னுதான் சொல்லணுமாம். எழுதியிருப்பதைத்தானே படிக்க முடியும் என்றேன். போறேன்னு சொன்னா திரும்பி வர மாட்டாங்க தாத்தா, அம்மா அப்படித்தான் சொன்னாங்க, போன்லயும் தினம் அதையேதான் சொல்றாங்க என்றாள். அழவில்லை, பால்காரர் வரவில்லை என்பதுபோல் சொன்னாள்.

யோசித்துப் பார்த்தேன். நீ கிளம்பிய அன்று வாசலில் டாக்சிக்காரர் ஹாரன் அடித்தபடி இருக்க, நேரமாச்சு, நான் போறேன் என்றுதான் ஓடினாய். போனிலும் டியூட்டிக்கு நேரமாச்சு, போறேன் என்றே முடிக்கிறாய். போனுக்கே வராவிட்டால் அந்தச் சொல்லும் வராது என்று அவள் நினைத்திருக்கிறாள். ஆறு வயதுக்காரி பிடித்த பிழையைப் பக்கத்தில் நின்ற நான் விட்டுவிட்டேன், அது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

மூலப்படியில் இல்லாத ஓர் எழுத்தை நான் இதுவரை சேர்த்ததில்லை. அன்று படத்தைப் பின்னால் ஓட்டி, போயிட்டு வரேன், பத்திரமா இரு என்று படித்தேன். கடைசியில் தாய் வந்து சேர்ந்தது. பாத்தீங்களா, சரியாப் படிச்சதும் வந்துட்டாங்க என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

விடுமுறையை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடலாமா என்று மாப்பிள்ளையிடம் கேட்டாயாம். அதில் நான் தலையிடுவதற்கில்லை. நீ வந்தால் எனக்கும் தேவலை, அவ்வளவுதான் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, அவளைக் கட்டிலுக்கடியிலிருந்து கொண்டுவருவது என் பாடு. வைக்கும்போது போயிட்டு வரேன் என்று சொல், ஆனால் வருவதாக இருந்தால் மட்டும் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள், குளிருக்குக் காதை மூடிக்கொள், என் ஆசி எப்போதும் உண்டு. கடிதத்தின் அடியில் தானும் ஒரு வரி எழுதுவேன் என்று பேனாவை வாங்கிக்கொண்டாள். ‘அம்மா எப்போ வறுவீங்க’ என்று வல்லின றகரம் போட்டிருக்கிறாள். நான் திருத்தவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா