லினார்தே என்று வரவேண்டிய இடம்

அன்பு மகள் மெரோப்பிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிர் தேசத்தில் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதா துணை நிற்கட்டும். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, எல்லாம் உன் அம்மாவைப் பற்றிய கவலைதான். ஒலிவ் பறிப்பு ஆரம்பித்துவிட்டது, நம் மரங்களுக்கு ஆள் வைத்துவிட்டேன், நீ அதை நினைத்துக்கொண்டிருக்காதே, கையுறை போடாமல் வெளியே போகாதே.

பக்கவாதம் வந்ததிலிருந்து அம்மா வாயில் ஒரு சொல் வரவில்லை என்பது உனக்குத் தெரியும். பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெண், ‘பேச்சு போனவங்களுக்கும் பாட்டு வரும், அவங்களுக்கு நல்லாத் தெரிஞ்சத எடுத்துக் கொடுங்க’ என்றாள். கிரேக்கத்தின் இந்தத் தென்கோடியில், நம் மானியில், ஒப்பாரியை விட்டால் வேறென்ன பாட்டு இருக்கிறது. உன் மாமா லினார்தோஸ் கடலில் மூழ்கிப் போனபோது அம்மா தானே கட்டிப் பாடியதை எடுத்தேன். படகு எஞ்சினைப் பிரித்தவனுக்குப் பாட்டைப் பற்றி என்ன தெரியும், ஆனாலும் மேசையில் விரலால் தட்டித் தட்டிப் பிரித்துவிட்டேன். அடிக்கு எட்டுத் தட்டு, கூடவும் கூடாது குறையவும் கூடாது, இரண்டிரண்டு அடிக்குக் கடைசி ஓசை ஒன்று, முன்னடியின் வாலைப் பிடித்துத்தான் அடுத்த அடி கிளம்பும், நடுநடுவே செத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டும். கடைசிச் சொல்லை விட்டுவிட்டு நான் நிறுத்துவேன். முதலில் வெறும் முனகல்தான், பிறகு ஒருநாள் அவளே ஓசையைப் பிடித்து முடித்தாள், நம் ஊர்ப் பேச்சிலேயே, ஓர் எழுத்தும் பிசகாமல். நான் அழுதுவிட்டேன்.

போன செவ்வாய் பெயர் வரும் இடத்தில் நிறுத்தினேன். மாமாவைக் கூப்பிடுகிற மாதிரி லினார்தே என்று வரவேண்டும். மெரோப்பி என்றாள். அதே மூன்று தட்டு, அழுத்தமும் அதே நடுத்தட்டில், கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. ஓசை இடறியிருந்தால் அவளே நிறுத்தியிருப்பாள், பாழாய்ப்போனது இடறவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் உன் பெயர்தான். பக்கத்து வீட்டுப் பொலிக்செனி ஓடிவந்து, ‘உசுரோட இருக்கிற புள்ள பேரச் சொல்லி ஒப்பாரி வைக்கிறா, நீ தாளம் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கியே, அவ வாயப் பொத்துய்யா’ என்று சிலுவை போட்டுக்கொண்டாள். பயிற்சிப் பெண்ணோ, ‘இப்ப நிறுத்தினா வந்த பேச்சும் போயிடும்’ என்கிறாள். பயந்துபோய்ப் பாட்டை நிறுத்திவைத்தேன். அம்மா தானே மேசையைத் தட்டிவிட்டு என் முகத்தையே பார்க்கிறாள். உன் பெயர் அவள் வாயில் வருவது அந்த ஓர் இடத்தில்தான், அதையும் நான் எப்படிப் பொத்துவேன், நீயே சொல். எனக்கு ஒன்றும் புரியவில்லையடி.

வேளாவேளைக்குச் சாப்பிடு. மாதா உங்கள் இருவரையும் கண்போலக் காப்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பாட்டை எடுத்துக் கொடுத்து, தொலைபேசியை அம்மா காதில் வைப்பேன். ஒப்பாரியில் கூப்பிட்ட பெயருக்குப் பதில் வராது என்று அவளுக்குத் தெரியும். அதனால் மறந்துவிடாதே, அவள் மெரோப்பி என்றதும், எட்டுத் தட்டு எக்கேடு கெட்டாலும் சரி, உடனே ‘இருக்கேம்மா’ என்று சொல்லிவிடு.

உன் அப்பா,
அனார்கிரோஸ்